பரண்மேல் இருந்த தகரப்பெட்டி

பண்டகசாலைக் குறிப்புகள்



சென்ற திங்கள் இப்பகுதியில், மழைக்காலத்தில் பருப்பிலும் மிளகாயிலும் வண்டு அண்டாமல் காக்கும் முறைகளைக் குறித்து எழுதியிருந்தேன். அதைப் படித்த அன்பர் ஒருவர், “பண்டகசாலை எழுத்தர் எப்போதுதான் அடுக்களையை விட்டு வெளியே வரப்போகிறார்?” என்று கேட்டிருந்தார். இத்திங்கள் வெளியே வந்தே தீரவேண்டியதாயிற்று. அன்பர்களுள் பலர், “இது நமக்கு எதற்கு?” என்று எண்ணக்கூடிய ஒரு பொருளைப் பற்றி எழுதுகிறேன். எதற்கு என்பது கட்டுரையின் முடிவில் தானே விளங்கும்.

இங்கே நாகபுரியில் எங்கள் தெருவில் இரயில்வேயிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். திருச்சிராப்பள்ளிப் பக்கத்துக்காரர், நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இவ்வூரில் வாழ்ந்தவர். பணியில் இருந்த நாட்களிலேயே துப்பாக்கி சுடும் விளையாட்டில் அவருக்குப் பெரும் ஈடுபாடு. முறையான உரிமம் பெற்று .22 துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சுடுகளத்துக்குச் சென்று காகித இலக்குகளில் சுட்டுவிட்டு வருவார். ஒரு குருவியைக்கூட அவர் சுட்டதில்லை. 2016-ஆம் ஆண்டு பக்கவாதத்தால் வலக்கையும் பேச்சும் போயின. மகன் வந்து துப்பாக்கியை உரிமம் பெற்ற வணிகரிடம் ஒப்படைத்துச் சென்றார். 2024 தொடக்கத்தில் பெரியவர் காலமானார்.

அவருடைய மனைவியார் வீட்டை விற்றுவிட்டுக் கோயம்புத்தூரில் மகனோடு வாழ முடிவு செய்து, சென்ற மாதம் சாமான்களைக் கட்டத் தொடங்கினார். உதவிக்கு நானும் போயிருந்தேன். விடுமுறைக்கு வந்திருந்த ஒன்பது வயதுப் பேரன் கூடத்திலிருந்து என்னிடம் ஓடிவந்தான். அவனுடைய உள்ளங்கையில் நான்கு தோட்டாக்கள் இருந்தன. “மாமா, இதைச் சுத்தியலால் தட்டினால் வெடிக்குமா?” என்று கேட்டான். ஆணி பிடுங்குவதற்காக நான் கொண்டுவந்த சுத்தியல் அவனுடைய மறுகையில் இருந்தது.

கேட்டுவிட்டுத் தட்ட நினைத்தானே என்று இறைவனுக்கு நன்றி சொன்னேன். தட்டிவிட்டுக் கேட்டிருந்தால் இப்பகுதியை வேறு விதமாக எழுத நேர்ந்திருக்கும்.

பரணைப் பார்த்தேன். அங்கே ஒரு தோல் பையும், அதனருகே பூட்டிய தகரப்பெட்டி ஒன்றும் இருந்தன. பெரியவர் அப்பெட்டியை உள்ளறை இரும்பு அலமாரியின் அடித்தட்டில் வைத்திருந்தாராம். அவர் படுக்கையில் விழுந்தபின், சுண்ணாம்பு அடிக்க வந்த ஆட்கள் அலமாரியை நகர்த்துவதற்காகப் பெட்டியையும் பையையும் பரணில் ஏற்றியிருக்கிறார்கள். அது என்னவென்று அவர்களுக்கும் தெரியாது, வீட்டாருக்கும் தெரியாது. தெரிந்தவராலோ பேச இயலவில்லை.

பெட்டியின் சாவி அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டில் கிடைத்தது. திறந்தோம். மூன்று அட்டைப் பெட்டிகள் பிரிக்கப்படாமல் இருந்தன. ஒன்றுக்கு ஐம்பது வீதம் நூற்றைம்பது தோட்டாக்கள். பிரித்த பெட்டி ஒன்றில் முப்பத்திரண்டு. பையில் இருந்தவை, பையன் கையிலிருந்த நான்கையும் சேர்த்துப் பதினொன்று. பெட்டி மூடியின் உட்புறத்தில் பெரியவர் தம் கைப்பட எழுதிய கணக்குத்தாள் ஒட்டியிருந்தது. தேதி, எடுத்தது, சுட்டது, மீதி, திரும்ப வைத்தது, இருப்பு என்று ஆறு பத்திகள். கடைசி வரி 2016 மார்ச்சு மாதத்தியது. எடுத்தது 50, சுட்டது 39, மீதி 11. ‘திரும்ப வைத்தது’ என்ற பத்தி மட்டும் வெறுமையாக இருந்தது. அதற்குப்பின் வரியே இல்லை.

பண்டகசாலையில் பதினான்கு ஆண்டுகள் கணக்கெழுதியவன் நான். ஒரு மனிதர் நோயில் விழுந்த நாளை ஒரு வெற்றுக் கட்டத்தில் கண்டது அன்றுதான் முதன்முறை.

இனி அப்பொருளைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும்.

பள்ளியில் தேசிய மாணவர் படையில் சேர்ந்திருந்த அன்பர்கள் .22 தோட்டாவை அறிவார்கள். நானும் அதில்தான் முதன்முதலாக விசையை இழுத்தேன். ஓர் அங்குல நீளம், பென்சிலைவிட மெலிந்த பருமன். ஒரு பித்தளைக் கூடு, அதன் வாயில் ஈயக் குண்டு, உள்ளே வெடிமருந்து. பெரிய தோட்டாக்களில் அடிப்பகுதியின் நடுவே தனியாக ஒரு சிறு கிண்ணம் பதிந்திருக்கும். துப்பாக்கியின் ஊசி அதைக் குத்தும்போது தீப்பொறி உண்டாகும். இந்தச் சிறு தோட்டாவிலோ தனிக் கிண்ணம் கிடையாது. அடியிலுள்ள விளிம்பு உள்ளே குழிவாக இருக்கும். தீமூட்டும் மருந்தை ஈரமாக இட்டுக் கூட்டை வேகமாகச் சுழற்றுவார்கள். மருந்து அந்த விளிம்பின் குழிவுக்குள் சென்று படியும். ஊசி அடிப்பது விளிம்பில். ஆகவேதான் இவ்வகைக்கு விளிம்படித் தோட்டா என்று பெயர் சொல்லலாம்.

1845-ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டில் ஃப்ளோபேர் என்பவர் இவ்வகையின் முன்னோடியைச் செய்தார். 1857-இல் அமெரிக்காவில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தார் .22 குறுந்தோட்டாவை வெளியிட்டனர். இன்று உலகெங்கும் வழங்கும் ‘லாங் ரைஃபிள்’ என்னும் வகை 1887-இல் வந்தது. ஒலிம்பிக் பந்தயத்தின் ஐம்பது மீட்டர் துப்பாக்கிப் போட்டியில் சுடுவதும் இதைத்தான். 2024 ஆகஸ்டு முதல் நாளன்று பாரிசு ஒலிம்பிக்கில் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலப் பதக்கம் வென்ற ஸ்வப்னில் குசாலே நம் மத்திய இரயில்வேயில் பயணச்சீட்டுப் பரிசோதகராக இருந்தவர் என்பதை அன்பர்கள் அறிவீர்கள். எங்கள் பெரியவர் அவ்வாண்டுத் தொடக்கத்திலேயே கண்மூடிவிட்டார். ஆறு மாதம் இருந்திருந்தால் அதைக் கண்டு மகிழ்ந்திருப்பார்.

சிறியது என்பதால் இதை விளையாட்டுப் பொருள் என்று எண்ணலாகாது. இதன் குண்டு ஒரு மைலுக்கு அப்பாலும் செல்லக்கூடியது. இதில் அடிபட வேண்டிய இடம் விளிம்பு முழுவதும் பரவியிருப்பதால், எங்கே நசுங்கினாலும் வெடிக்கலாம். பையன் கேட்ட கேள்விக்கு விடை இதுவே.

‘வாங்கி வைத்த தோட்டா எத்தனை ஆண்டு நிற்கும்?’ என்று கேட்பவர்கள் உண்டு. பண்டகசாலைக்காரன் விடை: பொருளைக் கேட்காதீர், வைத்த இடத்தைக் கேளும். நல்லபடி வைத்த தோட்டா பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் வெடிக்கும். கெட்டபடி வைத்தது சில ஆண்டுகளிலேயே பழுதாகும். அதற்குப் பகைவர் மூவர்: வெப்பம், ஈரம், ஆவி.

முதலில் வெப்பம். புகையில்லா வெடிமருந்து என்பது தானே மிக மெல்லச் சிதைந்துகொண்டிருக்கும் ஒரு பொருள். சிதையும்போது எழும் அமிலத்தன்மையை உறிஞ்சிக்கொள்ள அதனுடன் ஒரு காப்புப் பொருளைச் சேர்த்திருப்பார்கள். சூடு ஏற ஏறச் சிதைவு விரைவுபடும். காப்புப் பொருள் தீர்ந்துபோகும். அன்றியும், இச்சிறு தோட்டாவின் ஈயக் குண்டின்மேல் மெழுகுப் பூச்சு உண்டு; சூட்டில் அது இளகித் தூசியைப் பற்றிக்கொள்ளும். நாகபுரியின் மே மாதத்தை நான் வருணிக்க வேண்டியதில்லை. வெளியே 45 பாகையைத் தொடும் நாட்களில் மாடிக்கூரையின் அடியிலுள்ள பரண் எப்படியிருக்கும் என்பதைப் பரணில் ஏறியவர்கள் அறிவர். வீட்டிலேயே மிகச் சூடான இடம் பரண். குளிர்ந்த இடம் உள்ளறையில் தரையை ஒட்டிய தட்டு. பெரியவர் அறிந்து வைத்த இடம் அதுவே. அறியாதவர் மாற்றி வைத்த இடம் பரண்.

அடுத்தது ஈரம். விளிம்படித் தோட்டாவில் குண்டு கூட்டின் வாயில் இலேசாகவே கவ்வப்பட்டிருக்கும். பெரிய தோட்டாக்களைப்போல் அத்துணை இறுக்கமாக அடைபட்டிராது. ஆகவே ஈரம் உள்ளே நுழைவது எளிது. ஈரம் புகுந்தால் தீமூட்டு மருந்து செயலிழக்கும். ஈயத்தின்மேல் வெள்ளைப் பூப்பு பூக்கும். பித்தளை பச்சை பிடிக்கும். இதற்கு மருந்து, ரப்பர் வளையம் வைத்து இறுக மூடும் உலோகப்பெட்டியும், அதனுள் ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிப்பொட்டலமும் ஆகும். ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஆவணி மாதத்து அடைமழை நாளில் பெட்டியை இறுக மூடினால், ஈரத்தையும் உள்ளேயே வைத்துப் பூட்டியவர்களாவோம். மார்கழி, தை மாதத்து உலர்ந்த நாளொன்றில் மூடவேண்டும். பெரியவருடைய தாளில் ஆண்டுதோறும் சனவரியில் ‘பொட்டலம் மாற்றியது’ என்ற குறிப்பு இருந்தது. நாங்கள் பெட்டியைத் திறந்தபோது, நீலமாக இருந்திருக்க வேண்டிய மணிகள் வெளிறிய இளஞ்சிவப்பாக மாறிக் கிடந்தன. உறிஞ்ச வேண்டியதை உறிஞ்சி முடித்து அவை ஓய்ந்துபோய் எத்தனை ஆண்டுகளாயினவோ!

மூன்றாவது பகைவன் ஆவி. இதனைப் பலர் அறியார். நம் நாட்டிலேயே நடந்த வரலாறு இதற்குச் சான்று. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் மழைக்காலம் வந்தால் படைநடவடிக்கைகளை நிறுத்தி, தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தார்கள். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால், எவரும் தொடாத பித்தளைக் கூடுகள் தாமே கீறல் விட்டிருந்தன. பருவம் மாறும்போது வந்த கேடு என்பதால் பருவ வெடிப்பு என்று பெயரிட்டார்களேயன்றிக் காரணம் நெடுங்காலம் விளங்கவில்லை. 1921-ஆம் ஆண்டில்தான் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்னும் மூவர் அதை விளக்கினார்கள். குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியா ஆவியும், குளிர்நிலையில் இழுத்துச் செய்த பித்தளைக்குள் அடங்கிக் கிடந்த இறுக்கமும், காற்றின் ஈரமும் ஒன்றுகூடிக் கூட்டைப் பிளந்தன என்பதே விடை. கூடுகளை இளஞ்சூட்டில் பதப்படுத்தி உள்ளிறுக்கத்தை நீக்குவது மாற்றாயிற்று. ஆயினும் அமோனியா பித்தளைக்கு இன்றும் பகைதான். எருக்குழி, மாட்டுக்கொட்டில், உரமூட்டை, அமோனியா கலந்த துடைப்புத் திரவம் இவற்றின் அருகே தோட்டாப் பெட்டி இருத்தல் ஆகாது.

தோல் பையின் கதையும் இதைப் போன்றதே. தோல் பதனிடப் பயன்படும் பொருள்கள் பித்தளையை அரிக்கும். சுடுகளத்துக்கு எடுத்துச் செல்ல ஒரு நாளைக்குத் தோல்பை நல்லது; இருப்பு வைக்க ஆகாது. பெட்டியில் இருந்த நூற்றெண்பத்திரண்டும் நேற்று வாங்கியவைபோல் மின்னின. பையிலிருந்த பதினொன்றும் பாசிபோல் பச்சை பிடித்து, தொட்டால் விரலில் ஒட்டின. பெட்டியில் இருந்தவையும் பையில் இருந்தவையும் ஒரே சரக்கு. ஒரே பரணில் ஒரே காலம் கிடந்தவை. வைத்த கலம் ஒன்றே வேறு.

ஆனால் மின்னியவை நல்லவை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஈரத்தைத் தடுத்த ரப்பர் வளையம் வெப்பத்தைத் தடுக்காது. எட்டொன்பது கோடைகள் அம்மருந்துக்கு என்ன செய்தன என்பதைப் பித்தளையின் பளபளப்பு சொல்லாது. பலவீனப்பட்ட மருந்து குண்டைக் குழலின் நடுவிலேயே நிறுத்திவிடலாம். அதையறியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கலாம். ஆகவேதான் சுடுகளத்தில் ஓசை குன்றிக் கேட்டால் உடனே நிறுத்திக் குழலைச் சோதிக்கச் சொல்கிறார்கள். ஊசி அடித்தும் வெடிக்காவிட்டால், குழல்முனையை இலக்கின் பக்கமே வைத்து முப்பது விநாடி பொறுக்கச் சொல்கிறார்கள். அடித்தும் வெடிக்காத தோட்டா செத்த தோட்டா அன்று. விளிம்பின் வேறோரிடத்தில் அடிபட்டால் வெடிக்கக்கூடும்.

நம் இரயில்வேயில் இதற்கு உறவான பொருள் ஒன்றுண்டு. மூடுபனியிலும் விபத்துக் காலத்திலும் தண்டவாளத்தின்மேல் பொருத்தும் எச்சரிக்கைப் பட்டாசைச் சொல்கிறேன். வண்டி அதன்மேல் ஏறியதும் பேரோசை எழும், ஓட்டுநர் விழித்துக்கொள்வார். அதைப் பாதுகாக்கும் விதி எனக்கு மனப்பாடம். உலர்ந்த இடத்தில் வைக்கவேண்டும். செங்கற்சுவர், ஈரமரம், சலவைத்தூள் முதலிய கிருமிநாசினிகள் இவற்றைத் தொடலாகாது. ஒவ்வொன்றிலும் செய்த ஆண்டு பொறித்திருக்கவேண்டும். பழையது முதலில் செலவாகவேண்டும். அதன் ஆயுளுக்கு ஓர் எல்லை உண்டு. அதன்பின் அத்தொகுதியிலிருந்து இரண்டை எடுத்து, மெல்ல நகரும் வெற்று வேகனின் சக்கரத்தடியில் வைத்துச் சோதித்து, தேறினால் ஓராண்டு நீட்டிப்பு, அதற்கும் ஓர் எல்லை உண்டு. பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்பதற்காக ஒருநாள்கூட நீட்டிப்பதில்லை. ஏனெனில் அது வெடிக்க வேண்டிய நேரத்தில் வெடிக்காவிட்டால் இழப்பது ஒரு பட்டாசை அன்று.

உரிமம் பெற்று விளையாட்டுக்காகத் தோட்டா வைத்திருக்கும் அன்பர்களுக்கு, பெரியவருடைய பெட்டியிலிருந்து நான் கற்றவற்றைத் தொகுத்துச் சொல்கிறேன்.

வாங்கிய அட்டைப் பெட்டியிலேயே வைக்க வேண்டும். தொகுதி எண் அதில்தான் இருக்கும். வாங்கிய மாதமும் ஆண்டும் அதன்மேல் எழுதவேண்டும். பழையதை முதலில் செலவிடவேண்டும். எண்ணெய் தடவக்கூடாது, எண்ணெய் கூட்டுக்கும் குண்டுக்கும் இடையே கசிந்து மருந்தைக் கெடுக்கும். துப்பாக்கி ஓரிடத்திலும் தோட்டா வேறிடத்திலும் இரண்டும் பூட்டிலும் இருக்கவேண்டும். தொட்டபின் கைகழுவ வேண்டும், ஈயம் நஞ்சு. ஆண்டுக்கொரு முறை உலர்ந்த நாளில் திறந்து, எண்ணி, பொட்டலம் மாற்றி மூடவேண்டும். பச்சை பிடித்தது, நசுங்கியது, குண்டு ஆடுவது, நனைந்தது ஆகியவற்றைச் சுட்டுத் தீர்க்க எண்ணாமல் தனியே ஒதுக்கி, சங்கத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வழி கேட்கவேண்டும்.

இவை யாவும் பெரியவர் செய்தவை. அவர் செய்யாதது ஒன்றே ஒன்று. பெட்டி எங்கே இருக்கிறது, தமக்கு ஏதேனும் நேர்ந்தால் அதை என்ன செய்யவேண்டும் என்று வீட்டில் ஒருவருக்கும் சொல்லி வைக்கவில்லை. சாவியைப் பத்திரப்படுத்தியவர் செய்தியையும் சேர்த்தே பூட்டிவிட்டார். எண்ணிப் பார்க்க ஆளில்லாத இருப்பு இருப்பே அன்று. அது ஒளித்து வைத்த ஆபத்து.

அன்று பிற்பகல் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அம்மையார் கலங்கிப்போய், “தம்பி, இதையெல்லாம் அம்பாஜரி ஏரியில் போட்டுவிட்டு வந்துவிடலாமா?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நீரில் எறிந்தால் ஈயம் நீரில் சேரும். கோடையில் ஏரி வற்றினால் வேறொரு வீட்டுப் பையன் கையில் அகப்படும். மண்ணில் புதைப்பதும் அத்தகையதே. தீயிலிட்டால் வெடித்துச் சிதறும் பித்தளைத் துண்டு கண்ணைக் கெடுக்கும். சாமான்களோடு கட்டி இரயிலில் கொண்டுபோவதோ, அறவே கூடாது. அபாயகரமான பொருளை விதிக்கு மாறாக வண்டியில் ஏற்றுவது 1989-ஆம் ஆண்டு இரயில்வேச் சட்டத்தின் 164-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

ஆனால் நான் சொல்ல வந்த மாற்று யோசனையும் தவறானதே. “இன்றிரவு என் வீட்டு அலமாரியில் பூட்டி வைக்கிறேன், நாளை பார்த்துக்கொள்வோம்” என்று சொல்ல வாயெடுத்தேன். பண்டங்களைப் பாதுகாப்பதே தொழிலாகக் கொண்டவனுக்கு எழும் முதல் எண்ணம் அது. அப்போதுதான் உறைத்தது. உரிமமில்லாத என் வீட்டில் அது ஓர் இரவு இருந்தாலும் குற்றமே. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கிக்கு மட்டுமன்று, தோட்டாவுக்கும் உரிமம் வேண்டும். உரிமம் பெற்றவர் மறைந்தபின் அவர் பொருள் மனைவிக்கோ மகனுக்கோ தானாக வந்து சேர்வதில்லை. வைத்திருக்கும் உரிமை எக்காரணத்தால் நீங்கினாலும், தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்று அச்சட்டத்தின் 21-ஆம் பிரிவு கூறுகிறது. வாரிசுதாரர் பின்னர் தமக்கென உரிமம் பெற்றால், குறித்த காலத்துக்குள் அதைத் திரும்பப் பெறவும் அதே பிரிவு வழிவைத்திருக்கிறது.

ஆகவே பையனை அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பதினொன்றையும் பெட்டிக்கு அருகே ஒரு கிண்ணத்தில் தனியே வைத்து, அறையைப் பூட்டினோம். காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னோம். நாமே தூக்கிக்கொண்டு தெருவில் நடப்பதைவிட முதலில் தகவல் தெரிவிப்பதே முறை. பழைய உரிமத்தையும் இறப்புச் சான்றிதழையும் எடுத்து வைத்து, கண்டெடுத்த விதத்தை உள்ளது உள்ளபடி அம்மையார் பெயரில் ஒரு மனுவாக எழுதிக் கொடுத்தேன். மாலையில் இருவர் வந்தனர். மூத்தவர் மராட்டியில் நிதானமாகக் கேட்டார். அம்மையாரும் இவ்வூர் மராட்டியில் தெளிவாகவே விடையளித்தார். அச்சத்தோடு காத்திருந்த எங்களுக்கு அவர்களுடைய அமைதி பெரும் ஆறுதல்.

எண்ணினார்கள். நூற்றைம்பது, முப்பத்திரண்டு, பதினொன்று. மொத்தம் நூற்றுத் தொண்ணூற்று மூன்று. கணக்குத்தாளில் ஒன்றுகூடப் பிசகவில்லை. மூத்தவர் தாளை ஒருமுறை மேலிருந்து கீழாகப் படித்துவிட்டு, “எத்தனையோ வீட்டுக்குப் போயிருக்கிறேன், இப்படி ஒரு கணக்கைப் பார்த்ததில்லை” என்றார். ஒப்புச்சீட்டு எழுதிக் கொடுத்தார். தாளைப் படம் எடுத்துக்கொண்டு, வெறும் பெட்டியை அம்மையாரிடமே விட்டுச் சென்றார்.

அவர்கள் போனபின் அம்மையார் வெகுநேரம் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஒன்றையாவது நினைவுக்கு வைத்துக்கொள்ள அவருக்கு ஆசை இருந்தது என்பதை நான் அறிவேன், வாய்விட்டுக் கேட்கவில்லை. பிறகு என்னிடம் பேனாவை நீட்டி, “தம்பி, அந்தக் கட்டம் காலியாக இருக்கிறதே, அவருக்குப் பொறுக்காது. எழுதிவிடு” என்றார்.

2016 மார்ச்சு வரியில் ‘திரும்ப வைத்தது’ என்ற கட்டத்தில் 11 என்று எழுதினேன். அதன் கீழே அன்றைய தேதியிட்டு, ‘காவல் நிலையத்தில் ஒப்படைத்தது 193. இருப்பு இல்லை’ என்று எழுதிக் கோடிட்டேன். அம்மையார் அதன் கீழே கையெழுத்திட்டார். அப்பெட்டி இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறது. பேரன் அதில் தன் வண்ணப் பென்சில்களைப் போட்டு வைத்திருக்கிறானாம். மூடியிலுள்ள தாளைக் கிழிக்கக்கூடாது என்பது பாட்டியின் கட்டளை.

அன்பர்களே, நம்மில் பலர் ஊரைவிட்டு நெடுந்தொலைவு வந்து குடும்பம் நடத்துகிறோம். ஓய்வுபெற்ற இராணுவத்தாரும், காவலில் இருந்தோரும், விளையாட்டு வீரரும் நம் சங்கக் குடும்பங்களில் உண்டு. மூத்தவர்களின் அலமாரிகளிலும் பரண்களிலும் என்ன இருக்கிறது என்பதை, அவர்கள் பேசக்கூடிய காலத்திலேயே அருகில் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூத்தவர்களே, உங்கள் பெட்டிகளின் கணக்கை நீங்கள் மட்டும் அறிந்திருந்தால் போதாது; வீட்டில் இன்னொருவரும் அறியட்டும். தோட்டாவுக்கு மட்டும் சொல்லவில்லை. காப்புறுதிப் பத்திரத்துக்கும், அடகுச் சீட்டுக்கும், மருந்துப் புட்டிக்கும் இதே விதிதான்.

அடுத்த திங்கள், வீட்டில் சேர்ந்திருக்கும் பழைய மருந்துகளைப் பிரித்து ஒழுங்குபடுத்தும் முறை குறித்து எழுத எண்ணியுள்ளேன். அதுவரை விடைபெறுகிறேன்.

வணக்கம்.

— பண்டகசாலை எழுத்தர், நாகபுரி